சுண்டின் மேல் குவியல்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஒடியற்கூழ்க் கட்டுரையை மனைவியும் நானும் சேர்ந்து வாசித்தோம். நான் 1994 இல் அக்கராயனில் பிறந்தவன். கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தேன். 2022 இல் தாள் தட்டுப்பாட்டால் அச்சகத்தை மூடிவிட்டார்கள். குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன். இப்போது கிடைப்பது முன்னைய சம்பளத்தில் பாதி. ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் கேட்பதை வாங்கிக்கொடுக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒன்றுமே இல்லாமல் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. காசு தேவைப்படாத அந்தச் சின்னச் சின்னச் சந்தோசங்களை என் பிள்ளைகளுக்கும் பழக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? கூழ், குரக்கன் எல்லாம் உடம்புக்கும் நல்லதுதானே? பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிட்டால் என்ன என்றும் சிலவேளை யோசிக்கிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

அம்மாவின் ஆட்டத்திவசம் முடிந்த கிழமை உங்கள் கடிதம் வந்தது. குசினியைத் துப்புரவாக்கியபோது அரிசிப் பெட்டிக்குள் கிடந்த, அம்மா அரிசி அளக்கும் சுண்டு கையில் அகப்பட்டது. பழைய பால்பேணிதான். விளிம்பைத் தட்டி மழுக்கியிருக்கிறா, அடியில் துருவேறி ஒரு பக்கம் நசிந்திருக்கிறது. அதை எறியவும் மனம் வரவில்லை, வைத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. இரண்டு நாளாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வேறு கடிதங்கள் காத்திருக்க உங்களுடையதற்கு முதலில் எழுதுகிறேன்.

குரக்கன் நல்லதுதான், சாப்பிடுங்கள். அதற்கு மேல் சொல்ல நான் வைத்தியரில்லை.

பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பழைய வாழ்க்கைக்குத் தம்பி? தொண்ணூறுகளில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. மருந்து இராணுவத்தின் தாண்டிக்குளம் சோதனைச்சாவடிக்கு அங்கால் நின்றது. எங்கள் பக்கத்து வளவில் ஒன்பது வயதுப் பெடியன் ஒருவன் மூன்று நாள் நடுங்கிச் செத்தான். அவனுடைய அம்மாவிடம் போய் அந்தக் காலம் சந்தோசமான காலம் என்று உங்களால் சொல்ல முடியுமா? 2021 இல் செயற்கை உரத்தை ஒரேயடியாக நிறுத்தி எல்லாரும் இயற்கைக்குத் திரும்புங்கள் என்றார்களே, அதுவும் பழைய வாழ்க்கை என்ற பெயரில்தான் வந்தது. ஏழு மாதத்தில் தடையை எடுத்தார்கள். அதற்குள் கமக்காரன் படவேண்டியதைப் பட்டுவிட்டான். அப்படித் திரும்பும் பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

உங்கள் அம்மா சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. அவர்கள் எதை நினைத்துக்கொண்டு அதைச் சொல்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. ஜாம் போத்தல் விளக்கு, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது, சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோ கேட்டது என்று நாங்கள் பொருட்களை மட்டும் எண்ணிவைத்திருக்கிறோம். படம் போட்டு முகப்புத்தகத்தில் பகிர்கிறோம். அந்த விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும், காற்று அணைக்காது. கெட்டித்தனமான வேலைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் படித்தால் கண்ணால் தண்ணி வடியும். அந்த விளக்கில் சந்தோசம் இருந்ததென்றால், அது அதைச் சுற்றி மூன்று வீட்டுப் பிள்ளைகள் இருந்ததால் வந்தது. மூன்று வீட்டிலும் மூன்று விளக்கு எரிக்க எண்ணெய் இல்லை. ஒரு நாள் எங்கள் வீட்டு எண்ணெய், மறுநாள் அவர்கள் வீட்டு எண்ணெய்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிப்பது உங்களுக்குத் தெரியும். பதினான்கு வயதில் அதைப் பார்த்துவிட்டு வந்து, முல்லைத்தீவுக் கடலில் ஒரு போத்தல் தண்ணி எடுத்துவந்தால் எங்கள் விளக்குக்கும் விடலாம்தானே என்று அம்மாவிடம் கேட்டேன். "அது அம்மனுக்கு எரியிற தண்ணி. எங்களுக்கு ராசம்மா வீட்டு எண்ணெய்தான் எரியும்" என்றா. ராசம்மா என்பது அம்மா அயலுக்குப் பொதுவாக வைத்திருந்த பெயர். எந்த வீடு என்று சொல்லாமல் அயலைக் குறிப்பதென்றால் அப்படித்தான் சொல்லுவா.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மனைவி இருக்கிறா, அம்மா இருக்கிறா, பிள்ளைகள் இருக்கிறார்கள், சம்பளம் இருக்கிறது, நான் எழுதிய கூழ்கூட இருக்கிறது. பக்கத்து வீடு மட்டும் இல்லை. கிளிநொச்சிக்கு வந்து எத்தனையோ மாதமாகியும் அயலில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சொல் இல்லை. உங்கள் வேலிக்குள் நின்றுகொண்டு காசில்லாத சந்தோசத்தைத் தேடுகிறீர்கள். வேலிக்குள் அது விளையாது. காசில்லாத காலத்தில் காசின் இடத்தில் நின்றது மனிசர்தான்.

நான் சொல்லவருவது கைமாற்றைப் பற்றி. உங்கள் கேள்விக்கு இது நேர்ப் பதில் இல்லை என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் வடமராட்சியிலிருந்து முத்தையன்கட்டுக்கு வந்தவர். அப்போதைய அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயை நிறுத்தியிருந்தது. தெற்கில் சனம் விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே வருடங்களில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் மிளகாய் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். பஞ்சம் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவனுக்குப் பஞ்சமாக இருப்பது இன்னொருவனுக்கு விளைச்சலாக இருக்கும். ஆனால் 1990 இல் வந்த தடை வேறு மாதிரி. எங்களிடம் நெல் இருந்தது, குளம் இருந்தது, குளத்தில் யப்பான் மீன் இருந்தது. சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து ஒருவரிடமும் இல்லை. கல்வீட்டுக்காரனும் கொட்டில்காரனும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் பிளேன்ரீ குடித்தார்கள். ஒருவர் இன்னொருவர் முன்னால் கூச வேண்டியிருக்கவில்லை. அதனால் கேட்க முடிந்தது. நெருப்புப்பெட்டி விலை ஏறியபோது காலையில் ஒரு வீட்டில்தான் குச்சி உரசுவார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சிரட்டையோடு போய்த் தணல் வாங்கிவருவோம். தணலோடு ஓடிவரும்போது கை சுடாமல் இருக்கச் சிரட்டைக்குள் சாம்பல் போட்டுத் தருவார்கள்.

கைமாற்றுக்கு ஒரு முறை இருந்தது. வாங்கும்போது சுண்டைத் தலைதட்டி வாங்குவது, கொடுக்கும்போது குவித்துக் கொடுப்பது. இதை யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகினோம். தலைதட்டிக் கொடுத்தால் அவமதிப்பு. அந்தக் குவியல் வட்டி இல்லை. அது அடுத்த கடனின் தொடக்கம். அவள் எனக்குக் கொஞ்சம் கூடத் தந்துவிட்டாள், நான் இனி அவளுக்குக் கொஞ்சம் கொடுக்கவேண்டும். அப்படி ஒருநாளும் கணக்கு நேராகாது. நேராகாதபடியால் படலை திறந்தே கிடக்கும்.

இப்போது எங்கள் பகுதியில் நுண்கடன் நிறுவனங்களின் கிழமைக் கடன் இருக்கிறது. போர் முடிந்து பாதை திறந்தபின் வந்தது. ஐந்து பெண்கள் ஒரு குழுவாகக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும். கடன் கொடுத்தவனுக்கு எங்கள் வீட்டுப் பத்திரம் தேவைப்படவில்லை, அயலுறவே போதுமாக இருந்தது. சிரட்டையில் தணல் கொடுத்தவள் இன்று தவணைநாளில் "காசை வைச்சிட்டியோ" என்று படலையில் வந்து நிற்கிறாள். அவளில் பிழை இல்லை, அவள் கட்டவேண்டிவரும். இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை விட்டு "அம்மா வீட்டை இல்லை" என்று சொல்லுவிக்கிறாள். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் சொன்னது. அதனால் சிலருக்குக் கடன் போனது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போன முகங்களை எந்தத் தள்ளுபடி திருப்பித்தரும்? 2022 இல் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் ஒருவரிடம் ஒரு போத்தல் எண்ணெய் கேட்கவில்லை. நான் நின்று பார்த்தேன். தொண்ணூறில் அரைப் போத்தலைப் பங்குபோட்ட அதே ஒழுங்கை. இந்தமுறை கடையில் சாமான் இருந்தது. வாங்க ஏலாதது யாருக்கு என்பதை மற்றவர் அறிந்துவிடக்கூடாதென்று ஒவ்வொருவரும் பயந்தார்கள்.

இந்தச் சுண்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1996 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடலேரி கடந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வளவுப் புளியமரத்தடியில் கொட்டில் போட்டது. ஒரு ரீச்சர், அவவின் தாய், இரண்டு பெண்பிள்ளைகள். நிவாரணம் பிந்தினால் ரீச்சர் வந்து நிற்பா. வாய் திறக்க மாட்டா. கையில் பெட்டி இருக்கும். அம்மா சுண்டை எடுத்து ஒருதரம், இரண்டுதரம் அளந்து போடுவா. யாழ்ப்பாணத்தில் சம்பளம் எடுத்து வாழ்ந்த மனிசி அது. கடனை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தா. அம்மாவுக்கு அந்தக் கொப்பியைக் கண்ணில் காட்டக்கூடாது. "ரீச்சர் என்னை யாரோ எண்டு நினைச்சிட்டா" என்று கண்கலங்குவா. அப்பா சொல்லுவார், "அவ தன்ர மரியாதையை அதுக்குள்ளை எழுதி வைச்சிருக்கிறா, விடு."

1998 மார்கழியில் இராணுவம் ஒட்டுசுட்டானைப் பிடித்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து ஓடியது. நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம், ரீச்சர் ஆட்கள் மல்லாவிப் பக்கம். வண்டிலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது ரீச்சர் கொப்பியும் ஒரு பை அரிசியுமாக வந்தா. எங்கே தேடினா, யாரிடம் மாறினா, இன்றைக்கும் தெரியாது. கணக்குப்படி எத்தனை சுண்டோ அத்தனையையும் அம்மாவின் முன்னாலேயே அளந்து போட்டா. கடைசிச் சுண்டைக் குவித்தா. எங்கள் முறையை மூன்று வருடத்துக்குள் படித்திருந்தா.

அம்மா அந்தக் கடைசிச் சுண்டை வாங்கினா. உள்ளங்கையால் மேலே தட்டினா. குவியல் அவ்வளவும் ரீச்சரின் பைக்குள் திரும்பி விழுந்தது. "இது உங்களிட்டை நிக்கட்டும் ரீச்சர். திரும்பி வரேக்கை தாங்கோ" என்றா. ரீச்சர் கொப்பியைத் திறந்து, அந்த வண்டிலடியில் நின்றபடியே, பேனையால் அதையும் எழுதினா.

அதற்குப்பிறகு நாங்கள் அவவைக் காணவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது அம்மா ஒரு மாதம் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. 2009 க்குப்பிறகு நாங்கள் மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பிவந்தபோது வீடு இல்லை, புளியமரம் பாதி இல்லை. இந்தப் பேணியை அம்மா எல்லா இடப்பெயர்விலும் இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருக்கிறா. சாகும்வரைக்கும், அரிசி அளக்கும்போது சிலவேளை தனக்குத்தானே சொல்லுவா: "ரீச்சரிட்டை எங்கட அரிசி நிக்குது."

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கே மூத்த பிள்ளையிடம் ஒரு பேணியைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சீனி கேட்கட்டும். உங்களிடம் சீனி இருந்தாலும் கேட்கட்டும். நீங்கள் முதலில் கேட்டால்தான் அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். கொழும்பிலிருந்து வந்த குடும்பம் என்று அவர்கள் உங்களுக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் குவித்துக் கொடுத்தனுப்புங்கள்.

ஆனி பிறந்தால் பாலைப்பழம் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொறுக்கப் போங்கள். கொப்பை வெட்டிப் பழம் பறிக்கிறவர்களோடு போகாதீர்கள், அந்த மரம் மறுவருடம் தராது. விழுந்ததைப் பொறுக்கினால் போதும். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், சின்னவன் அழுவான். போக முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா