பிளாட் வீட்டில் சமையலறைக் கழிவை உரமாக்க எப்படித் தொடங்குவது?

மேல்மாடி, லிஃப்ட் கிடையாது, மண் என்று சொல்ல ஒரு பிடி இடமில்லை, வீட்டில் மாமியாருக்கு நாற்றமும் புழுவும் ஆகவே ஆகாது. இதில் சமையலறைக் கழிவை உரமாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமில் ஏறக்குறைய இதே மாதிரி வீட்டில்தான் நானும் செய்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள்: வாளியோ கூடையோ வாங்க ஓடாதீர்கள். முதலில் உமி தேடுங்கள்.

காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை எல்லாமே பெரும்பாலும் தண்ணீர்தான். அதை மட்டும் ஒரு வாளியில் போட்டு மூடினால் காற்று போக வழியில்லாமல் அழுகும். நாற்றம் அங்கேதான் பிறக்கிறது. காய்ந்த சரக்கு கூடச் சேர்ந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நடுவில் காற்றுக்கும் இடம் விடும். உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் அது சீக்கிரம் மக்காது, அமுங்கிப் போகாது. நாம் கெடாவில் இருப்பது இதற்கு நல்ல வசதி. நெல் ஆலையில் கேட்டால் உமி கிடைக்கும், கோழித்தீவனம் விற்கும் கடையில் தவிடு கிடைக்கும். அலைய முடியாவிட்டால் தேங்காய் நார்த்தூள், கிழித்த அட்டைப்பெட்டி, காய்ந்த இலை போதும். மூட்டை வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

பிளாட்டுக்கு எனக்குப் பிடித்தது தக்காகுரா முறை. ஜப்பானியரான கோஜி தக்காகுரா 2004 வாக்கில் இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்து வீடுகளுக்காக உருவாக்கியது. நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கரைத்து, ஒரு கரண்டி தயிரும் உதிர்த்த தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) ஒரு துண்டும் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து மூன்று முதல் ஐந்து நாள் புளிக்க விடுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும், கவனம். அப்புறம் உமியும் தவிடும் சம அளவு எடுத்து இந்தத் தண்ணீரைத் தெளித்துப் பிசறுங்கள். பதம் புட்டு மாவுதான்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். துணி போட்டு மூடி இன்னும் சில நாள் வைத்தால் சூடு ஏறி, மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். அதைப் பார்த்து மாமியார் பயந்தால் சொல்லுங்கள், நாம் காத்திருந்ததே அதற்குத்தான்.

இப்போது கூடை வாங்கலாம். அழுக்குத் துணி போடும் ஓட்டைக் கூடை போதும். உள்ளே சுற்றிலும் அட்டை, அடியில் துணிப்பையில் கட்டிய உமி, அதன் மேல் பாதிக்குச் சற்று அதிகமாகப் பிசறிய கலவை, மேலே இன்னொரு உமிப்பை, அதற்கு மேல் துணியும் மூடியும். மழைச்சாரல் படாத இடத்தில், சுவரை ஒட்டாமல், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். எறும்புக்குப் பயந்து அடியில் தண்ணீர்த் தட்டு வைக்காதீர்கள். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். எறும்பு வந்தால் கலவை காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் தெளித்துக் கிளறினால் போய்விடும்.

தினமும் கழிவைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் வடித்து, நடுவில் குழி பறித்துப் போட்டுக் கிளறி மூடுங்கள். சாமிப்பட மாலையையும் நாரை உருவிவிட்டுப் போடலாம். நம் சமையலில் தொந்தரவு தேங்காய்ச் சக்கைதான். எண்ணெய்ப் பசையோடு கட்டிதட்டிச் சீக்கிரம் புளிக்கும். கொஞ்சமாகப் போட்டு, உமியோடு நன்றாக உதிர்த்துக் கலக்குங்கள். மீன் தலை, இறால் ஓடு, எலும்பு, மிச்சக் குழம்பு எதுவும் வேண்டாம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொல்லைக் குழியில் அதையெல்லாம் புதைத்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது சரிதான். அங்கே ஆழ மண் இருந்தது. இங்கே கூடைதான், எலி வந்துவிடும்.

மூக்கை நம்புங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போதவில்லை, கிளறுங்கள். மூத்திர நெடி என்றால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது. உமியோ அட்டையோ சேர்த்து ஓரிரு நாள் எதுவும் போடாமல் விடுங்கள். பழுப்பாக, தடித்த புழு நெளிந்தால் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுவாக இருக்கும். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். மாமியார் அதையும் ஏற்கவில்லை என்றால் மேலே உமியைத் தடிமனாகப் பரப்புங்கள், துணியை இறுக்கிக் கட்டுங்கள், ஈ உள்ளே இறங்காது.

கெடாவில் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தாளும் டின்னும் போத்தலும் தனியாகப் போனாலும் சமையலறைக் கழிவு மிச்சக் குப்பையோடுதான் போகிறது. கீழே உள்ள பொதுத்தொட்டி நாறுவது அதனால்தான். ஒரே ஒரு வீடு நிறுத்தினாலும் அந்த அளவுக்கு அழுகல் குறையும். எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது.

கூடை நிரம்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நிரம்பியதும் பாதியை எடுத்துத் தனியாக இரண்டு வாரம் ஆற வையுங்கள்; மீதிப் பாதியே அடுத்த சுற்றுக்கு உறை. ஆறியதைச் சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து கறிவேப்பிலை, பாண்டான் (வாசனை இலை), சிலி பாடி (சிறு காரமிளகாய்) தொட்டிகளுக்குப் போடுங்கள். சலித்ததில் தங்கும் உமி மறுபடி கூடைக்கே போகட்டும்.