உயிலில் வந்த கார்பைனை நியூஜெர்சிக்குக் கொண்டு வரலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறேன். முன்பு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த அமெரிக்க நண்பர் ஒருவர் பென்சில்வேனியாவில் காலமாகிவிட்டார். இரண்டாம் உலகப் போர் காலத்து எம்1 கார்பைன் (அமெரிக்க ராணுவத்தின் சிறிய ரக ரைஃபிள்) ஒன்றை உயிலில் எனக்கு எழுதி வைத்திருக்கிறார். அதில் ‘யுஎன்-குவாலிட்டி’ என்று முத்திரை இருக்கிறது. “இது கழித்துக்கட்டிய மட்டமான சரக்கு, யாரோ முத்திரையில் கைவைத்திருக்கிறார்கள், மாட்டிக்கொள்வாய்” என்கிறார் ஒருவர். “சேகரிப்பாளர் லைசென்ஸ் எடு, காரில் போட்டுக் கொண்டு வா” என்கிறார் இன்னொருவர். இப்போதைக்கு பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து அந்தத் துப்பாக்கியை இப்போது இருக்கும் இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களைப் பயமுறுத்திய முத்திரையில் பிரச்சினை ஒன்றும் இல்லை. போர்க் காலத்தில் 60 லட்சத்துக்கும் மேல் கார்பைன்கள் தேவைப்பட்டன. செய்து கொடுத்த முதன்மை ஒப்பந்த நிறுவனங்களில் வின்செஸ்டர் தவிர வேறு யாரும் துப்பாக்கித் தொழிலில் இருந்தவர்கள் அல்ல. டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், பாட்டுப்பெட்டி செய்த ராக்-ஓலா, ஐபிஎம் எல்லாரும் செய்தார்கள். சிகாகோவின் குவாலிட்டி ஹார்டுவேர் நிறுவனம் ரிசீவர்களில் (துப்பாக்கியின் நடு உடல் பாகம்) ஒரு பகுதியை யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் என்ற ரயில்வே சிக்னல் நிறுவனத்திடம் செய்து வாங்கியது. அப்படி வந்தவற்றில் ‘குவாலிட்டி’ என்ற பெயருக்கு முன்னால் யூனியனைக் குறிக்கும் ‘யுஎன்’ இருக்கும். அதைத்தான் முத்திரையைக் குறை சொன்னவர் ‘அன்-குவாலிட்டி’ என்று படித்து, தரமில்லாதது என்று பொருள் பண்ணிவிட்டார். சேகரிப்பவர்கள் தேடிப் போய் வாங்கும் முத்திரை அது.

துப்பாக்கியை இப்போது வைத்திருப்பவரிடம் ஒன்றை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ரிசீவரின் பின்பகுதியில், பின் சைட்டை (குறிபார்க்கும் பாகம்) ஒட்டித் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். பிற்பாடு மாட்டிய பெரிய சைட் அந்தப் பெயரைப் பாதி மறைத்திருக்கும்; அதனால் பலர் பெயர் அழிக்கப்பட்டதாக நினைத்துப் பதறுவார்கள். பெயர் மறைந்திருப்பது குற்றமில்லை. ஆனால் வரிசை எண்ணைச் சுரண்டியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ, அதைத் தெரிந்தே வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று தேய்ப்பது, ஆழப்படுத்தி வெட்டுவது எதுவும் வேண்டாம்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். நியூஜெர்சி 1990-இல் கொண்டுவந்த சட்டம் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. அதில் ‘எம்1 கார்பைன் வகை’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பழையது, போர் நினைவு, ஒரு தடவைகூடச் சுடாதது என்ற காரணங்களுக்கு அங்கே இடமில்லை. வைத்திருந்தாலே இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. உயர்நீதிமன்ற நீதிபதியிடம் தனி உரிமம் கேட்க வழி உண்டு என்றாலும், தனிப்பட்ட சேகரிப்புக்காக அதை நம்பி இறங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தடையை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. அவற்றை நம்பியும் நீங்கள் முன்கூட்டி எதையும் செய்யக்கூடாது.

“எனக்குத் தெரியாது” என்பதும் உதவாது. சுடும் போட்டியில் பரிசாகக் கிடைத்த ஒரு ரைஃபிளின் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கும் பகுதி), அன்றைய வரம்பான 15-ஐத் தாண்டி 17 தோட்டா கொள்வதாக இருந்தது. பரிசு வாங்கியவருக்கு அது தெரியாது என்ற வாதத்தை இந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் ஏற்கவில்லை, தண்டனை நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். கார்பைனோடு வரும் 15, 30 தோட்டா மேகசின்களும் இப்போது இங்கே தடை, வரம்பு 10.

கிரீன் கார்டில் இருக்கும் உங்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்த அதுவே போதுமான காரணம். எத்தனை வருஷமாக இங்கே வரி கட்டினீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

லைசென்ஸ் சொன்னவர் சொன்னது பாதி உண்மை. 50 வயதைத் தாண்டி, அசல் வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளர் லைசென்ஸ் உண்டு. 3 ஆண்டுக்கு 30 டாலர். வேறு மாநிலத்திலிருந்து நேரடியாக வாங்கவும் அது உதவும். ஆனால் உங்கள் மாநிலம் தடை செய்த பொருளை அது சட்டபூர்வமாக்காது. உயில் வழியாக வந்ததை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகவும் மத்தியச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் அந்தப் பிரிவிலேயே, உங்கள் மாநிலத்தில் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்தால் மட்டும் என்று இருக்கிறது. உங்களுக்குக் கதவு அங்கேயே அடைபடுகிறது.

மைத்துனர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். எச்-1பி குடியேற்றம் அல்லாத விசா. அந்த நிலையில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் உங்களுக்காக அவர் 15 ஆண்டு வரை சிறைக்குரிய பிரிவின் ஓரத்தில் நடக்க வேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் குடியுரிமையோடு இருக்கும் வேறு உறவினர் கிடைத்தாலும் நீங்கள் நேரே கையில் கொடுக்கக்கூடாது. மாநிலம் விட்டு மாநிலம் கைமாற்றும்போது உரிமம் பெற்ற டீலர் நடுவில் இருக்க வேண்டும்.

ஆகவே உயிலை நிறைவேற்றுபவருக்கு இன்றே எழுதுங்கள். கார்பைனை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது, பென்சில்வேனியாவில் உரிமம் பெற்ற டீலர் மூலம் விற்றுப் பணத்தை உங்கள் பங்கில் சேர்க்கட்டும் என்று கேளுங்கள். நண்பரின் நினைவாக அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று தோன்றினால், அங்கே கார்லைல் நகரில் ராணுவ வரலாற்று மையம் இருக்கிறது. ஏற்றுக்கொள்வார்களா என்று அவர் வழியாகவே கேட்டுப் பார்க்கலாம். விற்பதற்கு முன் ரிசீவரின் முன்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ‘எம்1’ என்று இருந்தால் நிம்மதி. ‘எம்2’ என்று அடித்திருந்தாலோ, இடதுபக்கம் தானியங்கியாக மாற்றும் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தாலோ, அது இயந்திரத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வரும். நண்பரின் டப்பாவில் கிடக்கும் உதிரிபாகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றத் தேவையான பாகங்கள் கையில் இருந்தாலே போதும், பொருத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சந்தேகம் இருந்தால் டீலரிடம் போவதற்கு முன்னால் அங்குள்ள ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடட்டும்.

ஒருவேளை இந்தக் கடிதம் உங்களை அடைவதற்குள் அது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால், திருப்பி பென்சில்வேனியாவுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், நேராகக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஒப்படைக்கிறீர்கள் என்று உள்ளூர் காவல்துறைத் தலைவருக்கு முதலில் எழுத்தில் தெரிவித்து, வழக்குப் பதிவாகும் முன்னரே, விசாரணையும் தொடங்கும் முன்னரே அந்தக் கடிதம் அவர் கையில் சேர்ந்து, பிறகு சொன்னபடி ஒப்படைத்தால், வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று நியூஜெர்சி சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தக் கடிதத்தை நீங்களே எழுத வேண்டாம், வழக்கறிஞர் வழியாகப் போகட்டும்.