சென்னைக்கு வேலை மாற்றம்: எந்தப் புறநகரில் வீடு பார்க்கலாம்?

வெளியூரிலிருந்து சென்னைக்கு வேலை மாறி வருகிறவர்கள் வீடு தேடுவதைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கணவருக்கு கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகைக்கு 15,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஊரப்பாக்கத்தில் 11,000 ரூபாய்க்கு நல்ல பெரிய வீடு இருக்கிறது. குரோம்பேட்டையில் அதே பணத்துக்கு மேல் போட்டாலும் சின்ன வீடுதான். எது சரி?
— வாசகி, திருமங்கலம் (மதுரை மாவட்டம்)

வாடகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அலுவலக வாசல் வரைக்குமான செலவும் நேரமும் சேர்ந்ததுதான் உண்மையான வாடகை.

கிண்டியில் வேலை என்பது உங்களுக்குச் சாதகம். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் கிண்டியில் நிற்கிறது. தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை தாண்டி கிண்டி. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். ஆகவே இந்தத் தடத்தில் எந்த ஊர் என்பதைவிட, ஸ்டேஷனிலிருந்து வீடு எத்தனை தூரம் என்பதே பெரிய கேள்வி. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஊரப்பாக்கம் வீடு, ஸ்டேஷனுக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குரோம்பேட்டை வீட்டைவிட நல்லது. "ஊரப்பாக்கம்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து (தாம்பரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை) வெகுதூரம் உள்ளே அழைத்துப் போவார்கள். ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் வீடு, பாதையைக் கடக்க மேம்பாலமா, சுரங்கப்பாதையா, ரயில்வே கேட்டா என்றும் கேளுங்கள். சுரங்கப்பாதை மட்டும்தான் வழி என்றால் மழை நாளில் அது மூழ்கிவிடும்.

ஸ்டேஷன் தூரம் என்றால் ஷேர் ஆட்டோவோ, வண்டியும் ஸ்டாண்டு கட்டணமுமோ தினமும் சேரும். ரயிலை விட்டுவிட்டு பைக்கிலேயே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து கிண்டி போய்வர ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 670 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 15 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். 1,500 ரூபாய் அதிலேயே போய்விடும், டயரும் சர்வீஸும் தனி. ஊரப்பாக்கத்திலிருந்து என்றால் இது இன்னும் கூடும். ரயில் சீசன் டிக்கெட் இதில் ஒரு சிறு பங்குதான்.

ஊர் மாறுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: தாம்பரத்தில் புறப்படும் ரயில்களில் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வருகிறவை தாம்பரத்துக்குள் நுழையும்போதே நிறைந்திருக்கும். குரோம்பேட்டையில் ஏறுகிறவருக்குக் காலை எட்டரை மணிக்கு நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. தினமும் போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

உங்கள் கணக்குக்குச் சேலையூர், கிழக்குத் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாவற்றையும் பார்க்கலாம். ஊருக்குப் போகவர இந்தப் பக்கம் வசதி. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்ததிலிருந்து அருகிலேயே இருக்கிறது. மதுரை ரயில்களில் பல தாம்பரத்தில் நிற்கின்றன. "மெட்ரோ வரப்போகிறது" என்று வாடகையை ஏற்றிச் சொன்னால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தத் திசையில் மெட்ரோ இப்போது விமான நிலையத்தோடு நிற்கிறது.

பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் வீடு பார்த்தால் விமானச் சத்தத்தை இரவில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முக்கியம்.

கேள்வி: வெள்ளம் வரும் பகுதியா இல்லையா என்று வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரரைக் கேட்டால் "இங்கே தண்ணியே நிக்காது" என்கிறார்.
— வாசகர், பாளையங்கோட்டை

வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தரகரையும் கேட்காதீர்கள். தெருமுனை டீக்கடை, மெடிக்கல் ஷாப், இஸ்திரி வண்டிக்காரர், எதிர் குடியிருப்பின் காவலாளி, இவர்களிடம் கேளுங்கள். "தண்ணீர் வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார்கள். "2015 டிசம்பரில் எதுவரைக்கும் வந்தது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேளுங்கள். முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வார்கள்.

2015-ல் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023-ல் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகியவை பல நாள் தண்ணீரில் நின்றன. இவை சதுப்பு நிலமும் ஏரிகளும் சூழ்ந்த தாழ்வான பகுதிகள். அதற்காக இந்த ஊர்களை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரு தெரு மூழ்கும், இரண்டு தெரு தள்ளி ஈரம்கூட இருக்காது. ஊர்ப் பெயரை விட்டுத் தெருவைப் பாருங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: சாலை மட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் எத்தனை படி? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால், கட்டும்போது மேடாக இருந்த வீடுகள் இப்போது பள்ளத்தில் இருக்கின்றன. வாசலில் இறங்கி உள்ளே போகும் வீடு வேண்டாம். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோலக் கறை தெரிகிறதா? கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயிண்டா? மின்மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கிறதா? நீர் மோட்டார் மேடை கட்டி ஏற்றப்பட்டிருக்கிறதா? கடைசி இரண்டும் அங்கே ஏற்கெனவே ஒருமுறை தண்ணீர் வந்ததற்கு அடையாளம்.

முதல் மாடி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் வராது, உண்மைதான். ஆனால் மின்சாரத்தை நிறுத்துவார்கள், மோட்டார் ஓடாது, நிலத்தடித் தொட்டியில் சாக்கடை கலக்கும், நிறுத்தியிருக்கும் பைக் கெட்டுப்போகும். தொட்டியின் மூடி தரை மட்டத்தில் இருக்கிறதா, ஓரடி உயர்த்திக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றைச் சரியாகக் கட்டிய வீட்டுக்காரர் மற்றதையும் ஓரளவு சரியாகச் செய்திருப்பார் என்பது எங்கள் அனுபவம்.

முடிந்தால் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வீடு தேடுங்கள். கோடையில் பார்த்தால் எல்லாத் தெருவும் அழகுதான்.

கேள்வி: "24 மணி நேரமும் தண்ணீர்" என்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது?
— வாசகி, நாமக்கல்

எங்கிருந்து வரும் தண்ணீர் என்று கேளுங்கள். குழாயில் மாநகராட்சித் தண்ணீரா, போர்வெல்லா, லாரியா? பழைய மகாபலிபுரம் சாலையின் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பியே நடக்கின்றன. ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றாலும் 22 நாளில் தீர்ந்துவிடும். எனவே லாரிச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியாகப் பிரித்து வாங்குவார்களா, போன மே மாதம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள்.

போர்வெல் தண்ணீர் என்றால் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் கடினத் தண்ணீர்: வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சீக்கிரம் பழுதாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது) கையோடு கொண்டுபோங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. பாதாளச் சாக்கடை இல்லாத தெரு என்றால், கழிவுநீர்த் தொட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிறைகிறது, லாரிக்குப் பணம் யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. ஷிப்ட் மாறிமாறி வரும். தனியாக வீடு எடுக்கலாமா, விடுதியா? எந்தப் பகுதி பாதுகாப்பு?
— வாசகர், பொள்ளாச்சி

முதல் மூன்று மாதம் அலுவலகத்துக்கு அருகிலேயே விடுதி. அதற்குள் உடன் வேலை செய்யும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தெரு ஒத்துவரும் என்று மகளுக்கே தெரிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம்.

விடுதி பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது உரிமம். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் வேறு விடுதி பாருங்கள். வார்டன் இரவிலும் அங்கேயே தங்குகிறாரா, ஒரே படிக்கட்டு என்றால் மாடிக் கதவு இரவில் பூட்டப்படுகிறதா (தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்), இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் கதவு திறப்பார்களா, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவற்றை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். அரசின் "தோழி" விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ளன. நன்றாக இருக்கின்றன, ஆனால் சோழிங்கநல்லூருக்குத் தினமும் அங்கிருந்து வருவது அலைச்சல்.

வீடு எடுப்பதற்கு முன் நிறுவனத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அலுவலக வண்டி எத்தனை கிலோமீட்டர் வரை வரும்? இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலை செய்யும் பெண்களுக்கு நிறுவனம் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆனால் பல நிறுவனங்கள் எல்லை வைத்திருக்கின்றன. வாடகை குறைவு என்று கேளம்பாக்கம் தாண்டி வீடு எடுத்துவிட்டு, வண்டி அங்கே வராது என்று பிறகு தெரிந்தால் சிக்கல். வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா, கடைசியாக இறங்குவது பெண் என்றால் காவலாளி கூட வருவாரா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

"எந்தப் பகுதி பாதுகாப்பு" என்பதற்கு ஊர்ப் பெயரில் பதில் கிடையாது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், நாவலூர், காரப்பாக்கம் எல்லாவற்றிலும் நல்ல தெருவும் உண்டு, இருண்ட தெருவும் உண்டு. வேலை நாளில் இரவு ஒன்பதரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நீங்களும் மகளும் நடந்து பாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது? கடைகள் திறந்திருக்கின்றனவா? வேறு பெண்கள் தனியாக நடக்கிறார்களா? புதர் மண்டிய காலி மனைகள் வரிசையாக வருகின்றனவா? வழியில் டாஸ்மாக் இருக்கிறதா? அது பத்து மணிக்கு மூடும்போது அந்தத் தெருவில் நிற்கும் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பகலில் பார்த்த வீட்டுக்கு இரவில் ஒருமுறை போகாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 112, பெண்களுக்கான 181 இரண்டு எண்களும் மகளின் போனில் இருக்கட்டும்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கரண்டுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாயாம். கொடுக்கலாமா?
— வாசகர், திருச்சி

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. இருவரும் ஒப்புக்கொண்டு வேறு தொகை எழுதினால் அதற்கும் இடம் இருக்கிறது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிக் குறையுங்கள், பிறகு முறையிட்டுப் பயன் குறைவு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே தொகையாக எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். குடிபோகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சப்-மீட்டர் உங்களுக்கு நஷ்டம். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு 700 ரூபாய்ச் சுற்றில் வரும். அதே 300 யூனிட்டுக்கு நீங்கள் கொடுக்கப்போவது 2,700. மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை கூடியதற்குச் சமம். தனி இணைப்புள்ள வீட்டுக்கு 500 ரூபாய் அதிக வாடகை கேட்டாலும் அதையே எடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒத்திக்கு வீடு எடுப்போம். சென்னையில் "லீஸ்" என்று 8 லட்சம் கேட்கிறார்கள். மாத வாடகை இல்லை என்பதால் ஆசையாக இருக்கிறது.
— வாசகர், மதுரை

சென்னைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை முதல் வருடமே செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர், அதையே உங்களிடம் லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்துவிடும் மோசடி இங்கே நடக்கிறது. வாடகை வராத உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போதுதான் உண்மை தெரியும். இரண்டாவது ஆபத்து, வீட்டின்மேல் உள்ள வங்கிக் கடன். தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால் உங்கள் 8 லட்சத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். எடுத்தே தீருவது என்றால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள், உரிமையாளரை நேரில் சந்தியுங்கள், பணத்தை அவர் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. எங்கே தங்குவது?
— வாசகர், விருதுநகர்

கம்பெனி பஸ் எங்கெங்கே நிற்கிறது என்ற பட்டியலை முதலில் வாங்குங்கள். அந்த நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை. பெரும்பாலும் படப்பை, சிங்கப்பெருமாள்கோவில், மறைமலைநகர், மேற்குத் தாம்பரம் என்று அமையும். சிங்கப்பெருமாள்கோவிலிலும் மறைமலைநகரிலும் ரயில் நிலையம் இருப்பதால் விடுமுறை நாளில் வெளியே போகவும் வசதி.

கேள்வி: இணையத்தில் நல்ல வீடு பார்த்தோம். உரிமையாளர் வடமாநிலத்தில் ராணுவத்தில் இருக்கிறாராம். டோக்கன் பணம் அனுப்பினால் சாவி தருவதாகச் சொல்கிறார்.
— வாசகி, ஈரோடு

அனுப்பாதீர்கள். ராணுவ அடையாள அட்டையின் படத்தை அனுப்பி நம்ப வைப்பது இந்த மோசடியின் வழக்கமான முறை. பிறகு "ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கிறேன், கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு எந்தச் செயலியிலும் ரகசிய எண் தேவையில்லை; எண் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.