தமிழ் விக்கிப்பீடியாவில் நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டுவிட்டார்கள். எதைச் சான்றாகக் கொடுப்பது?

கோபப்பட வேண்டாம். நீங்கள் எழுதியது பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கே படித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஊர்க் கோயில் பற்றி "1,000 ஆண்டு பழமையானது" என்று எழுதினால், தாத்தா சொன்னதும் ஃபேஸ்புக் பதிவும் போதாது. தலபுராணம் கையில் இருந்தால் "தலபுராணம் இப்படிச் சொல்கிறது" என்று எழுதலாம், அவ்வளவுதான். காலத்தை உறுதியாகச் சொல்ல, தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி போன்ற ஒன்று வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறையக் கிடைக்கின்றன. நூலைச் சான்றாகக் கொடுக்கும்போது பலர் நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் போட்டுவிட்டுப் பக்க எண்ணை விட்டுவிடுவார்கள். தேடுகிறவர் பாடு திண்டாட்டம். அப்புறம், ஆங்கில விக்கிக் கட்டுரையையே சான்றாகக் காட்டாதீர்கள். அதன் அடியில் உள்ள மூலத்தைத் திறந்து, படித்துப் பார்த்து, அதைக் கொடுங்கள். சான்றை அந்தந்த வாக்கியத்தின் முடிவிலேயே செருகிவிடுங்கள்.