தாவீது அந்த மாதங்களில் செத்திருந்தால்?

ஐயா, எங்கள் போதகர், "ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் என்ன செய்தாலும் கெட்டுப்போகமாட்டான்" என்கிறார். லூத்தரன் சபையைச் சேர்ந்த என் மாமனார், உரியாவின் மனைவி பத்சேபாள் விஷயத்தில் தாவீது விசுவாசத்தையே இழந்தான் என்கிறார். எது சரி?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமனார் சொல்வது அவருடைய சொந்தக் கருத்தல்ல. லூத்தர் எழுதிய, லூத்தரன் சபையின் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான ஸ்மால்கால்ட் கட்டுரைகள் தாவீதைப் பெயர் சொல்லியே பேசுகின்றன: விபசாரத்திலும் கொலையிலும் விழுந்தபோது விசுவாசமும் ஆவியும் அவனைவிட்டு அகன்றன. தாவீதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி வந்தது பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு. அதற்கு முன்பே தாவீது செத்திருந்தால்? லூத்தரன் விடை: கெட்டுப்போயிருப்பான். கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கமும் (1547) சாவான பாவத்தால் அருள் போய்விடும் என்கிறது. ஆனால் விசுவாசம் தங்கியிருக்கலாமாம்.

நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் டோர்ட் சினாட் (1618–19) இதை மறுத்தது. தாவீதும் பேதுருவும் விழுந்ததை அது மழுப்பவில்லை. அப்படி விழுகிறவன் ஆவியைத் துக்கப்படுத்துகிறான், மனச்சாட்சியைக் காயப்படுத்துகிறான், சிலவேளை கிருபையின் உணர்வையே இழக்கிறான். புத்திரசுவிகாரமும் (தேவனுடைய பிள்ளை என்ற உரிமையும்) நீதிமான் என்ற தீர்ப்பும் மட்டும் பறிபோவதில்லை. ஏன்? தேவன் அவனை மனந்திரும்புதலுக்குத் திரும்பக் கொண்டுவராமல் விடமாட்டார். ஆகவே டோர்ட்டின்படி, நாத்தான் வருவதற்குமுன் தாவீது சாகமாட்டான்.

இங்கேதான் உங்கள் போதகர் வழுக்குகிறார். "என்ன செய்தாலும்" என்ற சொல் டோர்ட்டில் இல்லை. வசனத்தின் எச்சரிப்பு, ஜெபம், திருவிருந்து ஆகியவற்றின் வழியாகவே தேவன் காக்கிறார் என்பது அதன் போதனை. எச்சரிப்பைப் பிடுங்கிவிட்டு நிச்சயத்தை மட்டும் கொடுப்பது ஆத்துமாக்களுக்குக் கேடு.

தாவீது மனந்திரும்பிப் பாடிய 51ஆம் சங்கீதத்தை இரு தரப்பாரும் எடுத்துக்காட்டலாம். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்பது மாமனாருக்குச் சாதகம், இல்லாததைத்தானே சிருஷ்டிக்கவேண்டும். "பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும் இரும்" என்கிறவனிடம் ஆவி இன்னும் இருக்கிறார் என்பது மறுபக்கம். அவன் திரும்பக் கேட்பதும் இரட்சணியத்தை அல்ல, அதன் சந்தோஷத்தை. அதனால் நான் டோர்ட் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடியும் புதுப்பிக்கமுடியாது என்னும் எபிரெயர் 6:4-6 எனக்கு இன்னும் உறுத்துகிறது. மறுதலித்தவர்கள் ருசி மட்டும் பார்த்தவர்கள், மறுபடி பிறந்தவர்கள் அல்ல என்று எங்கள் தரப்பு விளக்கும். அதே வாக்கியத்தில் "பரிசுத்த ஆவியைப் பெற்றும்" என்றும் இருக்கிறது. மாமனார் அதைக் காட்டினால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.