பெட்டியில் பூட்டுப் படம் போட்டிருக்கிறதே?

கேள்வி: ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு ஆறு வெப்பநிலைக் கருவிகள் வாங்கினோம். இரண்டு மாதம் ஓடின. ஒரே நாளில் ஆறும் சர்வரோடு சேர மறுத்துவிட்டன. ‘கருவி பழுது, புதிது வாங்குங்கள்’ என்கிறார் விற்றவர். (கம்பம்)

பதில்: இன்னொரு பைசா கொடுக்காதீர்கள். ஆறும் ஒரே நாளில் பழுதாகுமா? சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழின் ஃபிங்கர்பிரிண்ட்டை (அந்தச் சான்றிதழுக்கு மட்டுமே உரிய குறியீடு) கருவியின் நிரலுக்குள் பதித்து விற்றிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. சர்வரில் இருப்பது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ் என்றால் அதன் ஆயுள் பெரும்பாலும் 90 நாள். வழக்கமாக 60-ஆம் நாள் வாக்கில் தானாகப் புதுப்பிக்கப்படும். ஃபிங்கர்பிரிண்ட் மாறியதும் கருவி நின்றுவிடும். அதற்குப் பதில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-ஐ வைத்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) வேண்டும். அது 2035 வரை செல்லும். இலவசமாக ஏற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ‘வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது’ என்று மிரட்டினால் அசராதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: அர்டுயினோ ஊனோவில் ஹெச்டிடிபிஎஸ் போடலாமா? (செங்கோட்டை)

பதில்: பழைய ஊனோ ஆர்3 போர்டு என்றால் முடியாது. அதில் ராம் 2 கேபிதான், ஹெச்டிடிபிஎஸ்ஸின் என்கிரிப்ஷன் வேலைக்குப் போதாது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்து மோட்டாருக்கு ஈஎஸ்பி8266 கன்ட்ரோலர். கரண்ட் போய் வந்தால் சான்றிதழ் பிழை வந்தது. விற்றவர் ‘செட் இன்செக்யூர்’ என்று ஒரு வரி சேர்த்தார், இப்போது ஓடுகிறது. அப்படியே விடலாமா? (களியக்காவிளை)

பதில்: விடக்கூடாது. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்ட் வந்ததும் கருவியின் கடிகாரம் 1970-இல் தொடங்குகிறது. சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் கோளாறு. சர்வரோடு பேசும் முன் இணையம் வழி நேரம் தரும் என்டிபி மூலம் நேரம் வாங்க வைத்தால் தீர்ந்தது; ரவுட்டரில் அதற்கான யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கக் கூடாது. இல்லையென்றால் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போடுங்கள். மலிவு மாட்யூலில் பேட்டரி சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏறும் பேட்டரி அல்ல, உப்பிவிடும். அந்த டையோடைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

விற்றவர் செய்தது என்ன? எதிரே யார் என்று பார்க்கும் வேலையையே எடுத்துவிட்டார். தகவல் என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, ஆனால் சர்வர் வேடம் போட்ட எவனிடமும் போகும். மோட்டாரை அவனும் ஓட்டலாம். பெட்டிமேல் பூட்டுப் படம் மட்டும் பளபளக்கும்! வாங்கிய வாரமே சோதித்துவிடுங்கள். ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் பகுதி) சர்வர் பெயரை உங்கள் லேப்டாப்புக்குத் திருப்பி, அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் நீங்களே தயாரித்த சான்றிதழோடு அதே போர்ட்டில் காத்திருங்கள். கருவி கை குலுக்கித் தகவல் கொட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது.

கேள்வி: மலிவாகக் கிடைத்தது என்று ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். போர்ட் 1883-இல் பேசுகிறது. ஆபத்தா? (திருத்தணி)

பதில்: 1883 வழக்கமாக என்கிரிப்ஷன் இல்லாத எம்க்யூடிடி (கருவிகள் தகவல் பரிமாறும் முறை), பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் வெறும் எழுத்தாகவே போகும். என்கிரிப்ஷன் உள்ள 8883 இருக்கிறதா என்று வாங்கும்முன் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கெஸ்ட் வைஃபையில் தனியே போடுங்கள், மற்ற கருவிகளாவது தப்பிக்கும். ஹீட்டர், மோட்டார் எதையும் அதில் மாட்டாதீர்கள். அதே ரகம் ஒன்று என் வீட்டிலும் உண்டு. வாசல் விளக்குக்கு மேல் அதை நம்புவதில்லை.