அம்புக்குறியில் இருந்த ஆள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அரிசி ஆலை, தானிய மொத்த வியாபாரம், மூன்று ஊர்களில் சூப்பர் மார்க்கெட் என்று மூன்று தலைமுறையாக வளர்ந்த நிறுவனம். முதலாளி அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர ஆசை. 2023 தொடக்கத்தில் ஆலோசகர்கள் வந்து நான்கு மாதம் தங்கி, டோகாஃப் (ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் மென்பொருள்களையும் ஒரே கட்டமைப்பாகத் திட்டமிடும் முறை) முறைப்படி 300 பக்கத்துக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்தார்கள். அது அலமாரியில் இருக்கிறது. கடைகளின் இருப்புக் கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. அந்த வருடம் டிசம்பர் வெள்ளத்தில் குடோனுக்குள் தண்ணீர் ஏறிய இரவு, ஆவணத்தில் சொன்ன வரிசைப்படி யாரும் எதுவும் செய்யவில்லை. லோடுமேன்கள்தான் மூட்டைகளைக் காப்பாற்றினார்கள்.

இப்போது அண்ணாச்சி என்னையே செய்யச் சொல்கிறார். ஜாக்மன், ஆர்க்கிமேட், கனெவின், வார்ட்லி என்று இது போன்ற பல முறைகளைப் படித்துப் படித்துக் குழம்பிவிட்டேன். எந்த முறையை எடுப்பது? எந்த மென்பொருளை வாங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)
பாளையங்கோட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியையும் விட, போகிற போக்கில் எழுதியிருந்த லோடுமேன்கள் விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத வருவதற்கு முன் சென்னையில் பல வருடம் இதே வேலை பார்த்தேன். ஒரு நிறுவனத்துக்காக எட்டு மாதம் உட்கார்ந்து முழுப் படம் வரைந்தோம். எந்த மென்பொருள் எதற்குத் தகவல் அனுப்புகிறது, எந்தப் பிரிவு எதைப் பயன்படுத்துகிறது என்று பெட்டிகளும் அம்புக்குறிகளும் சுவர் முழுக்க இருந்தன. அடுத்த மாதமே விற்பனைக் கணக்கும் வசூல் கணக்கும் விலகத் தொடங்கின. மூன்று நாள் தேடினோம். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தார். தினமும் சாயங்காலம் இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒத்துவராத வரிகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி வந்தவர் அவர். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் படத்தில் அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவே போட்டிருந்த அம்புக்குறி அவர்தான்.

இதனால் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் எந்தக் கேள்விக்காகப் பிறந்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஜான் ஜாக்மன் ஐபிஎம்மில் இருந்தபோது ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து விவரிக்கும் தன் அட்டவணையை 1987இல் வெளியிட்டார். என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று பத்திகள்தான் அப்போது அதில் இருந்தன. யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் 1992இல்தான் சேர்ந்தன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சரக்கையும் இயந்திரத்தையும் வரைந்து முடித்த பிறகுதான் ஆளும் நோக்கமும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் சுவரிலும் அதுதான் நடந்தது. நீங்கள் அந்த அட்டவணையை எடுத்தால் வலது பக்கத்திலிருந்து நிரப்பத் தொடங்குங்கள்.

டோகாஃப் 1995இல் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த ஒரு முறையிலிருந்து வளர்ந்தது. பெரிய நிறுவனத்தில் பலபேர் ஒரே வரிசையில் வேலை செய்ய அது உதவும். ஆனால் உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த முறையே சொல்கிறது. 300 பக்கம் எழுதியவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆர்க்கிமேட் நெதர்லாந்தில் பிறந்த வரைமொழி. தொழில், மென்பொருள், கருவிகள் என்று அடுக்கடுக்காக வரையலாம். அதற்கு ஆர்ச்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மென்பொருள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான், இப்போதைக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

சைமன் வார்ட்லியின் வரைபடத்தை அண்ணாச்சியோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். எது இன்னும் புதிது, எது ஊரெல்லாம் கிடைக்கும் சரக்கு என்று அது பிரித்துக் காட்டும். பில் போடும் மென்பொருள் எங்கும் கிடைப்பது, அதை வாங்கிக்கொள்ளலாம். நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்லும் உங்கள் ஆலைக்காரரின் கண் எங்கும் கிடைக்காது.

உங்கள் இருப்புக் கணக்கு ஒத்துவராததற்கு மெல்வின் கான்வே 1968இல் எழுதிய ஒரு கருத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அமைப்பு உருவாக்கும் எதுவும், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகவே இருக்கும் என்றார். மூன்று கடையின் மேலாளர்களும் கடைசியாக எப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்? மென்பொருளைத் திறக்கும் முன் அதைக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் படித்த புத்தகங்களில் அடிக்கடி வரும் இன்னொரு விஷயம், நிறுவனம் தனக்கு நடப்பதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது. அதற்குப் பெரிய கலைச்சொல் தேடவேண்டாம். "ஒண்ணும் பிடிபடலை" என்கிறோமே, அந்தப் பிடிபடுதல்தான். என் அப்பா தினமும் காலையில் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் பார்ப்பார். பாபநாசத்துக்கு முழு அளவு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. பாபநாசம் 80 அடி என்று ஆனி மாதம் போட்டிருந்தால் முகம் மலரும், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதே 80 அடியை மாசியில் பார்த்தால் பேச்சே இருக்காது, பிசானம் அறுப்பு வரை தாங்குமா என்ற கவலை. எண் ஒன்றுதான். உங்கள் நிறுவனத்தில் இருப்பு அறிக்கை எல்லோர் கைபேசிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள எண்ணைப் பார்த்து ஆலையில் ஒருவர் சிரிக்கிறார், கடையில் ஒருவர் தலையில் கை வைக்கிறார். இரண்டு பேரும் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிக்கை சொல்லாது, பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனெவினையும் தாமிரபரணியை வைத்தே பார்த்துவிடலாம். நாம் நிற்பது எந்த மாதிரியான நிலைமை என்று முதலில் பிரித்தறிந்து, அதற்கேற்ப முடிவெடுக்கச் சொல்லும் முறை அது, டேவ் ஸ்னோடன் 1999 வாக்கில் உருவாக்கியது. கனெவின் என்பது வெல்ஷ் மொழிச் சொல், வாழிடம், சொந்த மண் என்பது போலப் பொருள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்பதில் குழப்பமே இல்லை, வழக்கப்படி நடக்கும். அணையில் பாதித் தண்ணீர் இருக்கும்போது எட்டு அணைக்கட்டுக்கும் எவ்வளவு பிரித்துவிடுவது என்பது பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டால் எந்தக் கணக்கும் போதாது, முறைவைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒத்துவந்தால் தொடர்ந்து, இல்லையென்றால் மாற்றி, அப்படித்தான் போக முடியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது யோசிக்கவே நேரமில்லை, முதலில் ஆளைக் கரையேற்ற வேண்டும். எந்த நிலையில் நிற்கிறோம் என்று தெரியாமல், நான்குக்கும் ஒரே ஆவணத்தை எழுதியதுதான் உங்கள் அலமாரியில் இருப்பதன் குறை.

இப்போது லோடுமேன்கள். கார்ல் வைக் என்ற அமெரிக்க அறிஞர் 1993இல் ஒரு காட்டுத்தீயைப் பற்றி எழுதினார். 1949 ஆகஸ்ட் 5, மொன்டானா மாநிலத்தில் மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. பாராசூட்டில் குதித்த 15 தீயணைப்பு வீரர்களோடு, தரையில் இருந்த ஒருவரும் சேர்ந்துகொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்குள் அடங்கிவிடும் தீ என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் தீ அவர்களை நோக்கித் திரும்பித் துரத்தியது. தலைவர் டாட்ஜ் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். பிறகு தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலுக்குள் வந்து படுக்கச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. அவர் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். டாட்ஜ் அந்தச் சாம்பலில் படுத்துப் பிழைத்தார். இரண்டு பேர் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். மற்ற 13 பேரும் இறந்துபோனார்கள். அந்தக் குழு முன்பு சேர்ந்து பழகிய குழு இல்லை. நிலைமை புரியாமல் போன அதே நிமிடத்தில், யார் சொன்னால் கேட்பது என்ற கட்டும் அவிழ்ந்துவிட்டது என்கிறார் வைக். படிக்கும்போதெல்லாம் மனம் கலங்கும்.

உங்கள் குடோனில் அது அவிழவில்லை. ஏன்? இதை நீங்கள் அவர்களிடமே கேட்க வேண்டும். எந்த மூட்டை அட்டியை முதலில் தூக்கினார்கள், எந்தப் பக்கம் தரை மேடு என்று யாருக்குத் தெரிந்திருந்தது, யார் குரல் கொடுத்தார், மற்றவர்கள் ஏன் அவர் சொன்னதைக் கேட்டார்கள்? அண்ணாச்சி விரும்பும் கட்டமைப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

ஆகவே முழு நிறுவனத்தையும் வரைய வேண்டாம். ஒரு மூட்டை அரிசி ஆலையை விட்டுக் கிளம்பி, கடை அலமாரியில் விற்றுப்போகும் வரை கூடவே நடந்து பாருங்கள். வழியில் அதைத் தொடுகிற ஒவ்வொருவரையும், ஆலைக் கணக்கர், லோடு மேஸ்திரி, வண்டி டிரைவர், கடையில் பில் போடும் பெண், எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு அழைத்து, தரையில் சார்ட் பேப்பரை விரித்து அவர்கள் கையாலேயே வரையச் சொல்லுங்கள். மார்க்கரை நீங்கள் பிடிக்காதீர்கள். அண்ணாச்சியும் வரட்டும், ஆனால் முதல் ஒரு மணி நேரம் அவர் பேசாமல் கேட்கச் சம்மதிக்க வேண்டும். இதை அவரிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், கஷ்டம்தான். அந்தப் படத்தைப் பிறகு ஆர்ச்சியில் ஏற்றிக்கொள்ளலாம்.

உங்களிடம் யாரோ ஒருவர் தனியாக நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருப்பார். அந்த நோட்டு எந்த இரண்டு பெட்டிக்கு நடுவே வருகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்